'டேங்கி' யார் சூட்டிய பெயர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அரசியல் சொல் விளக்கப் பகுதியில், 'டேங்கி' என்பது சீனாவில் 1989-இல் மாணவர் போராட்டம் டாங்கிகளைக் கொண்டு ஒடுக்கப்பட்ட தியானென்மென் சம்பவத்துக்குப் பிறகு இடதுசாரிகள் எல்லோருக்கும் அமெரிக்கர்கள் வைத்த பெயர் என்று எழுதியிருப்பதைப் படித்து மிகவும் மனம் வருந்தினேன்.

1989-க்கு முன்பே பிரிட்டனில் புழங்கிய சொல் அது. 1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கியதையும், 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்ததையும் நியாயப்படுத்திய தோழர்களை, அதே பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்துகொண்டே அதை ஏற்க மறுத்தவர்கள் இடித்துரைத்த பெயர். புடாபெஸ்டிலிருந்து செய்தியாளர் பீட்டர் ஃபிரையர் அனுப்பிய செய்திகளை அவருடைய கட்சி நாளேடான 'டெய்லி வொர்க்கர்' வெட்டியது, பிறகு வெளியிடவே மறுத்தது. அவர் வேலையை விட்டார், கட்சி அவரை நீக்கியது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் உள்பட ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 1968-இல் அக்கட்சியின் தலைமையே படையெடுப்பைக் கண்டித்தது. மாஸ்கோவை விட்டுக்கொடுக்காத ஒரு பிரிவினர் 1977-இல் தனிக்கட்சி கண்டனர். சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களையும் அதை எதிர்த்துத் தம் கட்சியையே இழந்தவர்களையும் ஒரே பெயரில் அடைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

1968-இல் எங்கள் ஆலைத் தொழிற்சங்கக் கூட்டத்தில், தொழிலாளர் பெயரால் ஆளும் அரசு தொழிலாளர்மீது டாங்கியை ஏவலாமா என்று கேட்டதற்காக என்னை ஏகாதிபத்தியக் கையாள் என்றார்கள். நெருங்கிய நண்பர்கள் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று அந்தப் பக்கம் வாங்கிய ஏச்சு போதாதென்று, இன்று உங்கள் இதழ் என்னை டாங்கிகளின் ஆதரவாளன் ஆக்குகிறது.

இது முதல் முறையும் அன்று. 1958-இல் தூக்கிலிடப்பட்ட ஹங்கேரிப் பிரதமர் இம்ரே நாகியை முன்பொரு கட்டுரையில் 'கம்யூனிச எதிரி' என்று எழுதினீர்கள். அவர் இளமையிலிருந்தே கம்யூனிஸ்ட் என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இவ்விரண்டு பிழைகளுக்கும் நான்கு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
கோயம்புத்தூர்