இறந்தவர் கணக்குக்கும் ஏப்ரல் 18தான் கெடுவா? சிங்கப்பூர் வரி அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரி அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். இறந்துபோனவரின் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யக் கூடுதல் அவகாசம் கேட்டு வரும் கடிதங்கள் உங்களுக்குப் புதிதல்ல. என் கடிதமும் அந்தக் கட்டில்தான் எங்கோ இருக்கிறது. போன வாரம் பதில் வந்தது. மரியாதையான பதில், குறை சொல்ல முடியாது. ஏப்ரல் மாதக் கடைசி வரை அவகாசம் தருகிறோம், அதற்குள் முழு விவரம் கிடைக்காவிட்டால் கைவசம் உள்ளதை வைத்து உத்தேசமாகத் தாக்கல் செய்யுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'கைவசம் உள்ளது' என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். எனக்கு மட்டும் இந்தச் சிக்கல் என்றால் நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். என் வேலையிடத்திலேயே இதே கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் கோரிக்கை. இறந்தவருக்காகக் கணக்குக் கொடுக்கும் குடும்பங்களுக்கு, எல்லாருக்கும் உள்ள ஏப்ரல் 18 என்ற தாக்கல் கெடு வேண்டாம். அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமையை நீதிமன்றம் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக விண்ணப்பித்துக் கெஞ்சாமல், தானாகவே கிடைக்கும்படி வையுங்கள்.

அப்பா வீடுகளில் ஏர்கான் கழுவி, பழுதுபார்க்கும் வேலை பார்த்தவர். கம்பெனி, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஒரு பழைய வேன், ஓர் ஏணி, தண்ணீர் பம்ப்பு, கூலிக்கு வரும் ஒரு பையன், அவ்வளவுதான். ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கத்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் அவரைத் தெரியாத பாட்டிமார் குறைவு. 67 வயதிலும் ஏணியில் ஏறுவார், அம்மா கத்துவார், இவர் காதில் வாங்க மாட்டார். போன தீபாவளி கழிந்த கையோடு மாரடைப்பு, ஆஸ்பத்திரி, அப்புறம் மண்டாய் தகனச்சாலை. 2025 ஜனவரி முதல் அவர் கண்ணை மூடிய நாள் வரை சம்பாதித்ததற்கு இப்போது நாங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. "செத்தவருக்கு ஏதுடி வரி, அதையெல்லாம் எடுத்துட்டாங்களே" என்று பெரியம்மா சொன்னபோது, 2008 பிப்ரவரி 15ஆம் தேதி எடுத்தது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரி, இது அவர் உயிரோடு இருந்தபோது உழைத்த வருமானத்துக்கான வரி என்று உங்கள் சார்பில் வாதாடியவளே நான்தான்.

சரி, கைவசம் உள்ளதற்கு வருகிறேன். 555 நோட்டுப் புத்தகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மளிகைக்கடையில் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த, சட்டைப்பைக்குள் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகம்தான் அப்பாவின் கணக்குப்பிள்ளை. புளோக் எண், எத்தனை ஏர்கான், என்ன வேலை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறார். ரொக்கமாக வாங்கியிருந்தால் பக்கத்தில் தொகை இருக்கும். பேநவ்வில், அதாவது கைப்பேசி வழியாக நேரே பேங்க்குக்கு, வந்திருந்தால் தொகை இருக்காது, ஒரு வட்டம் மட்டும் போட்டிருப்பார். காரணம் எளிது. அந்தத் தொகைதான் பேங்க்கில் இருக்கிறதே, அதை எதற்கு இரண்டு தடவை எழுதுவது? ஒவ்வொரு மார்ச்சிலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வட்டங்களையும் பேங்க் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்தி, எங்கள் யாரையும் கிட்டே விடாமல் தாக்கல் செய்துவிடுவார். பழுதில்லாத முறைதான், அவர் இருக்கும் வரை.

இப்போது என் முன்னால் வட்டங்கள் இருக்கின்றன. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய பக்கங்களைப் பார்த்தால் வட்டங்களைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேலை. 'புளோக் 214, பாட்டி, 3, கழுவல்' என்று எழுதி ஒரு வட்டம். 'உட்லண்ட்ஸ் மலாய் டீச்சர், கேஸ்' (ஏர்கானுக்கு வாயு நிரப்பியது) என்று எழுதி இன்னொரு வட்டம். பாட்டியிடம் அவர் எவ்வளவு வாங்கினார்? பாதி பேரிடம் பாதி விலைதான் வாங்குவார், சிலரிடம் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவார். சந்தை விலையைப் போட்டு நிரப்பினால், அவர் வாங்காத பணத்துக்கும் நான் கணக்குக் காட்டுகிறேன். செலவுப் பக்கம் அதைவிட மோசம். 'தம்பி 60' என்று பல இடத்தில் இருக்கிறது. கூலிக்கு வந்த பையனுக்குக் கொடுத்ததா, என் சித்தப்பாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததா? முன்னதைச் செலவாகக் கழிக்கலாம், பின்னதைக் கழிக்க முடியாது. சித்தப்பாவைக் கேட்டேன். எல்லாமே பையனுக்குக் கொடுத்ததுதான் என்கிறார்.

வட்டங்களுக்குள் இருக்கும் தொகை வங்கியில் இருக்கிறது. வங்கி தராது. அப்பா தவறிய செய்தியைச் சொன்னதும் கணக்கை முடக்கினார்கள், அது முறைதான். இருப்பு எவ்வளவு என்று சொன்னார்கள். வருடம் முழுக்க வந்த வரவு விவரத்தைக் கேட்டால், நீதிமன்ற ஆணையைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாவம், அவரால் முடிந்தது அதுதான். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் நானும் விண்ணப்பித்திருக்கிறோம். அவருடைய சொத்துப் பட்டியல், அம்மாவின் திருமணச் சான்றிதழ், நாங்கள் வாரிசுகள் என்பதற்கு அத்தாட்சி என்று ஒவ்வொன்றாகப் போகிறது. இன்னும் சில மாதம் ஆகலாம் என்கிறார் வக்கீல். நீதிமன்றத்தை நான் அவசரப்படுத்த முடியாது, நீங்களும் அவசரப்படுத்தப் போவதில்லை.

ஆக, நிலைமை இதுதான். அப்பாவின் சட்டப் பிரதிநிதி நான் என்று நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. வங்கியும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குக் கேட்கும்போது நீங்கள் மட்டும் ஒப்புக்கொள்கிறீர்கள்.

உத்தேசமாகத் தாக்கல் செய்யலாமே என்கிறீர்கள். செய்யலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் உண்மை, முழுமையானது என்று உறுதிமொழி கேட்கிறீர்களே, அதில் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது? கவனக்குறைவால் தவறான கணக்குக் கொடுத்தால், குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. தாக்கலே செய்யாமல் விட்டாலோ 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம். அத்தோடு நீங்களே ஒரு தொகையை மதிப்பிட்டு அனுப்புவீர்கள், அதை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். எதிலிருந்து கட்டுவது? முடக்கிய கணக்கிலிருந்தா? சொன்னால் சொன்ன நாளில் கட்டிப் பழகிய மனிதரின் வீடு இது. பொய்க் கையெழுத்துக்கும் அபராதக் கடிதத்துக்கும் நடுவில் எங்களை நிறுத்துவது நியாயமா என்று மட்டும் கேட்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாம் கணக்குப் போட்டு முடித்தால் அப்பா கட்ட வேண்டிய வரி அநேகமாகச் சுழியம்தான். முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. 60 வயதைத் தாண்டி உழைப்பவருக்கு 8,000 வெள்ளி வருமானக் கழிவு உண்டு. வேன் செலவு, கேஸ், பையனின் கூலி எல்லாம் போக அவர் கையில் நின்றது அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். வராத வரிக்குக் கணக்குக் கொடுக்கத் தாமதமானதற்காக வரக்கூடிய அபராதத்தை நினைத்து அம்மாவுக்குத் தூக்கம் போகிறது. 'அப்பாவின் வருமானம் வரி வரம்புக்குக் கீழே, பயப்பட வேண்டாம்' என்று அம்மாவிடம் நான் சொல்லலாம்தான். வட்டங்களைக் காட்டி எப்படிச் சொல்வது?

உங்கள் ஏற்பாடுகள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. என் சொந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம், மார்ச் 1ஆம் தேதிக்குள் சம்பள விவரத்தை அவர்களே உங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளக் கணக்கில் நுழைந்தேன், எல்லாம் நிரம்பியிருந்தது, சரிபார்த்தேன், காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் விரும்பினால், ரசீது எதுவும் காட்டாமல் வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள வழி செய்திருக்கிறீர்கள். அப்பா ஏணியை விற்றுவிட்டு டாக்சி எடுத்திருக்கலாம். என்ன செய்வது, அவருக்குச் சாலையைவிட அடுத்தவர் வீட்டுச் சுவர்தான் பிடித்திருந்தது.

இன்னொன்று. இந்த நாட்டில் ஒருவர் இறந்தால் அதைப் பதிவு செய்யக் குடும்பம் ஓடியலைய வேண்டியதில்லை. 2022 மே 29 முதல் மருத்துவர் சான்றளித்த உடனேயே பதிவாகிவிடுகிறது, சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்கிறோம். நல்ல ஏற்பாடு, துக்க வீட்டுக்குப் பெரிய ஆறுதல். ஆக அப்பா இறந்தது அரசாங்கத்துக்கு அன்றைக்கே தெரியும். அவருடைய சிங்பாஸை முடக்கத் தெரிந்த கணினிக்கு அவருடைய வரிக் கெடுவைத் தள்ளிப்போட மட்டும் ஏன் தெரியவில்லை? வயதானவர்களுக்கு எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் போட்டுக் கொடுத்தோம். வாழ்க்கை முழுக்க ரொக்கம் வாங்கியவரைப் பேநவ்வுக்கு மாற்றினோம், அவரும் முணுமுணுத்துக்கொண்டே மாறினார். பழையபடி ரொக்கமாக வாங்கியிருந்தால் எல்லாத் தொகையும் அந்த 555 புத்தகத்திலேயே இருந்திருக்கும், நானும் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இதைப் பேசினால் பேச்சு வேறெங்கோ போகும், விடுங்கள்.

தேதியை நகர்த்த முடியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 2020இல் கொவிட் வந்தபோது ஏப்ரல் 18 கெடுவை மே 31 வரை நகர்த்தினீர்கள். யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் காரணம் எழுதவில்லை, எல்லாருக்கும் தானாகவே கிடைத்தது. நாடு முழுவதும் முடங்கியபோது அதைச் செய்தீர்கள். ஒரு வீடு முடங்கும்போதும் அதைச் செய்யலாம். இந்தத் தீவில் 1948 முதல் வருமான வரி இருக்கிறது. அன்றிலிருந்து வரி கட்டுபவர்கள் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள், இது யாரும் எதிர்பாராத நிலைமை அல்ல.

வரி ஏய்ப்பவர்களுக்கு இது வசதியாகிவிடும் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். வரித் தேதியைத் தள்ளிப்போட யாரும் சாகப் போவதில்லை. மூன்று மாதம் என்பதும் திறந்த கதவு அல்ல, நீதிமன்ற ஆணையின் தேதியை வைத்து நீங்கள் சுலபமாகச் சரிபார்க்கலாம். நீதிமன்றத்துக்கே போகாமல் இழுத்தடிக்கும் குடும்பத்துக்கு வேண்டுமானால் ஒரு மேல்வரம்பு வையுங்கள், நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் என்று அண்ணன் படித்துவிட்டுச் சொன்னார். அதனால் பணிவோடு மீண்டும் கேட்கிறேன். இறந்தவருக்காகத் தாக்கல் செய்பவர்களின் கெடு, நீதிமன்ற ஆணை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று இருக்கட்டும். அதைச் சட்டமாகவோ விதியாகவோ ஆக்க நாளாகும் என்றால், இந்த ஆண்டுக்கு மட்டுமாவது அபராதக் கடிதமும் மதிப்பீட்டுக் கடிதமும் போகாமல் நிறுத்தி வையுங்கள். ஆணைக்காகக் காத்திருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்டால், நாங்கள் விண்ணப்பித்த நகலை அனுப்பத் தயாராக இருக்கிறோம். வங்கி விவரம் கைக்கு வந்ததும் 555 புத்தகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வருகிறேன். 'தம்பி 60' பற்றி மட்டும் நீங்களே சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏர்கான்காரர் மகள்,
ஈசூன்