மலருக்கு: அந்தப் புளிப்பு அப்படியே இருக்கட்டும்

அன்புள்ள மலர்,

பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்திலிருந்து பறித்துத் தந்தார் என்று, புளிப்புத் தண்டுள்ள ருபார்ப் செடிக் கட்டு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, அதில் கிரிஸ்ப் (மேலே மொறுமொறுப்பான தூவலோடு ஓவனில் சுடும் இனிப்பு) செய்வது எப்படி என்று கேட்டிருந்தாய். முதல் வேலையாக அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போட்டுவிடு. பார்க்கக் கீரை மாதிரி இருக்கிறதே என்று கடைந்துவிடாதே. ஆக்ஸாலிக் அமிலம் மிகுந்த நஞ்சு அது. தண்டு மட்டும்தான் நமக்கு.

நீ இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் நல்ல ருபார்ப் கிடைக்கிறதென்றால் அது அந்த ஊர்க் குளிர் தந்தது. குளிர்காலம் முழுக்க வேர் மண்ணுக்குள் உறங்கினால்தான் வசந்தத்தில் தண்டு தடித்து வரும். உண்மையில் இது காய்கறி. ஆனால் வீடுகளில் பழம்போலத்தானே சமைக்கிறார்கள் என்று, 1947-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் சுங்க நீதிமன்றம் ஒன்று இதைப் பழக் கணக்கில் சேர்த்துத் தீர்ப்பளித்தது.

சரி, கிரிஸ்ப்புக்கு வருவோம். 700 கிராம் தண்டை ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கு. 150 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்துப் புரட்டு. தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சோள மாவு இல்லாவிட்டால் ரசமாகிவிடும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் எடுத்துக்கொள். முதல் தடவை நான் அலுமினியத் தட்டில் வைத்து, புளிப்பு அதில் பட்டு வாயெல்லாம் உலோக வாடை. அன்றே பயந்துபோய்ச் சர்க்கரையை வேறு இரட்டிப்பாகக் கொட்டியிருந்தேன். வெறும் ஜாம்!

அதனால்தான் சொல்கிறேன், இனிப்பைக் கூட்டாதே. புளிச்சக்கீரையை விரும்பிச் சாப்பிடுகிறவள் நீ, இந்தப் புளிப்புக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மேலே தூவ ஓட்ஸ், மைதா, பிரவுன் சுகர் தலா 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அதே அளவு வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துண்டுபோட்டு, விரல் நுனியால் பிசறு. பிசையாதே. சில கட்டிகள் பட்டாணி அளவில் நிற்கட்டும், அவைதான் மொறுமொறுப்பாகும்.

ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். மேல்பக்கம் சிவந்தால் மட்டும் போதாது. ஓரங்களில் இளஞ்சிவப்புச் சாறு கெட்டியாக, மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். எடுத்து அரைமணி நேரம் ஆறவிட்டால் சாறு பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெனிலா ஐஸ்கிரீமோடு முதல் கிண்ணம் அந்தப் பாட்டிக்கு. எப்படி இருந்தது என்று அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா