ஆறு நாள் விருந்தாளிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கண். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்கு அடுத்த மாதம். கட்டுப் பிரித்த அன்று வாசலில் நிற்கும் தென்னங்கன்றைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக அதை ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்னமும் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்க்கிறேன். இடது கண்ணுக்கு டீக்கறை படிந்த மாதிரி தெரியும் சுவர், வலது கண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்த மறுநாள் மாதிரி இருக்கிறது.

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிவி பார்க்கலாம் என்றார் டாக்டர். மகள் பழைய ஸ்டார் ட்ரெக், அதுதான் நம்ம அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொடர், அதன் 79 எபிசோடையும் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டாள். உனக்கு உடனே உங்கள் பெரியப்பா வீட்டு ஹால் ஞாபகம் வரும். மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி, தூர்தர்ஷன், ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் தெருப் பிள்ளைகள். வசனம் பாதி புரியாது. வேற்றுக்கிரகத்து ஸ்பாக்கின் கூரான காது புரிந்தது, அது போதுமாக இருந்தது.

இந்தத் தடவை ஒரு மாற்றம். கேப்டன் கிர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் என்ற மூன்று ஹீரோக்களையும் மனம் தாண்டிப் போய்விடுகிறது. ஒரே ஒரு வாரத்துக்கு வந்து நடித்துவிட்டுப் போனார்களே, அந்த விருந்தாளி நடிகர்கள் மேல்தான் கண் நிற்கிறது. ஒரு எபிசோடை ஏறத்தாழ ஆறு நாளில் எடுத்து முடிப்பார்கள். ஹீரோக்களுக்கு அடுத்த வாரமும் உண்டு, அதற்கடுத்த வாரமும் உண்டு. வருகிறவருக்கு அந்த ஆறு நாள்தான். அதற்குள் ஒரு முழு மனுஷனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இவர்கள் யார், முன்னும் பின்னும் என்ன ஆனார்கள் என்று மகளைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று வாரமாக இதே வேலை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடும்போது பின்னால் படங்கள் வந்துபோகும். அதில் ஒரு பெண் முகம் வருமே, தலைமுடி கலைந்து, கண் மட்டும் பளிச்சென்று? நாம் பார்த்தபோது அவள் சாம்பல் நிறம். போன செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணால் பார்த்தேன். பச்சை, சேகர். முற்றின பாகல் இலைப் பச்சை. அவர் பெயர் சூசன் ஆலிவர். 1964 கடைசியில், தொடருக்கு மாதிரியாக எடுத்த முதல் படத்தில் நடித்தவர். தொலைக்காட்சிக் கம்பெனி அந்தப் படத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. பிற்பாடு 1966இல் அதை வெட்டி ஒட்டி இரண்டு பாகக் கதையாக உள்ளே சேர்த்தார்கள். அந்தப் பச்சை மேக்கப்பை முதலில் வேறொரு நடிகைக்குப் போட்டுச் சோதனை பார்த்தார்களாம். ஃபிலிம் கழுவி வந்தால் தோல் நிறமாகவே இருக்கிறது. இன்னும் அழுத்தமாகப் பூசி எடுத்தார்கள், அப்போதும் அதேதான். கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. லேபில் இருந்தவர்கள், ஏதோ நிறக் கோளாறு என்று நினைத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்தப் பச்சையைத் திருத்தித் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கதை அந்தப் பச்சையில் இல்லை. 1959 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு 707 விமானத்தில் வந்துகொண்டிருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு மேல் அது 35,000 அடியிலிருந்து சுமார் 6,000 அடிவரை தலைகுப்புற இறங்கியது. கடலில் விழாமல் பைலட்கள் மீட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவருக்கு விமானம் என்றாலே நடுக்கம். வேறு யாராக இருந்தாலும் ரயிலோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள். இவர் அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, அப்புறம் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். 1966இல் ஒரு சின்ன விமானம் விபத்தானது, அதில் இருந்தும் பிழைத்தார். அடுத்த வருஷமே, 1967இல், ஒற்றை எஞ்சின் விமானத்தில் தன்னந்தனியாக நியூயார்க்கில் கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார். அப்படித் தாண்டிய நான்காவது பெண் என்று கணக்கு. மாஸ்கோ வரை போக ஆசை. சோவியத் அரசு அனுமதி தரவில்லை, அதனால் டென்மார்க்கோடு பயணம் முடிந்தது. 1970இல் பெண்கள் விமானப் பந்தயத்தில் துணைப் பைலட்டாகப் போய் ஜெயித்தார். டைரக்‌ஷன் பக்கமும் வந்தார். ஆனால் டிவியில் ஓரிரு எபிசோடுகளுக்கு மேல் அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. 1990இல் புற்றுநோயில் காலமானபோது வயது 58. கடலை ஒற்றை ஆளாகத் தாண்டிய பெண்மணியை உலகம் இன்றைக்கும் ஒரு பச்சை நடனக்காரியாகத்தான் வைத்திருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

உனக்குப் பிடித்தவர் வில்லன் கான். அவர் நடந்து காட்டிய நடையை நீ ஸ்கூல் வராந்தாவில் நடந்து காட்டுவாய். கானாக நடித்த ரிக்கார்டோ மோண்டல்பான் மெக்சிகோ சிட்டிக்காரர். கதைப்படி கான் ஒரு வட இந்திய சீக்கியர். தாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. அந்தக் கப்பலில் ஒரு பெண் அவரை வரைகிற ஓவியத்தில் மட்டும் தலைப்பாகை இருக்கும். ஒரு சீக்கிய நடிகரைத் தேடிப் பிடிக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அது தப்புத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரில் மோண்டல்பானின் நிலைமையையும் நினைத்துப் பார். மாநிறமாக இருந்தால் எந்த ஊர்க்காரனாக வேண்டுமானாலும் நிறுத்துவார்கள், ஒரு படத்தில் ஜப்பானியராகக்கூட நடித்திருக்கிறார். அவர் இதைச் சும்மா விடவில்லை. ஹாலிவுட்டில் தன் மக்களைக் காட்டுகிற விதம் மாற வேண்டும் என்று 1970இல் ‘நொசோத்ரோஸ்’ என்று ஒரு அமைப்பு ஆரம்பித்தார். ஸ்பானிஷில் ‘நாங்கள்’ என்று அர்த்தம். அதனால் கொஞ்ச காலம் தனக்கு வேலை வருவதே குறைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்த நடை. 1951இல் ஒரு படப்பிடிப்பில் அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. அந்த வலி வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது. இது தெரிந்த பிறகு கான் வரும் ‘ஸ்பேஸ் சீட்’ எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்த முதுகு, எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் அளந்த அடி. ராஜ கம்பீரம் என்று நாம் நினைத்தோமே, அதில் எத்தனை பங்கு வலியை மறைத்ததோ என்று இப்போது தோன்றுகிறது. 1967இல் ஒரு வாரம் வந்துபோனவரை மறக்க முடியாமல்தான் 1982இல் சினிமாவுக்கு அதே கானைக் கூப்பிட்டார்கள். அப்போது வயது 61. 1993இல் முதுகில் பெரிய ஆபரேஷன், அதற்குப் பிறகு கடைசிவரை சக்கர நாற்காலிதான்.

வில்லியம் மார்ஷலை உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கும் இல்லை. ‘தி அல்டிமேட் கம்ப்யூட்டர்’ என்ற எபிசோடில் டாக்டர் டேஸ்ட்ரமாக வருவார். ஆறடிக்கு மேல் உயரம், அடிவயிற்றிலிருந்து எழும் குரல். கப்பல்களின் கம்ப்யூட்டரையே கண்டுபிடித்த மேதை. மேடையில் ஒதெல்லோவாகப் பேர் வாங்கியவர். அந்த எபிசோட் ஒளிபரப்பானது 1968 மார்ச் 8. ஒரு மாதத்துக்குள் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்டில், அந்த மாதத்தில், ஒரு கறுப்பினத்தவர் உலகத்திலேயே பெரிய விஞ்ஞானியாக நிற்கிறார், அவர் நிறத்தைப் பற்றி கதையில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் இயந்திரம் ஆட்களைக் கொன்றுவிட்டது என்று உறைத்து அவர் உடைந்துபோகும் இடத்தைப் பார். முதலில் குரல் ஏறாது. இளம் வயதிலேயே புகழ் வந்துவிட்டால் மீதி ஆயுளை என்ன செய்வது என்று கணக்கு ஒப்பிக்கிற மாதிரி பேசிக்கொண்டே வருவார், கடைசியில்தான் வெடிப்பார். நான் ரிமோட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1972இல் அவருக்கு ஒரு ரத்தக்காட்டேரிப் படம் வந்தது. வெறும் பேயாக வர முடியாது என்று சொல்லி, அந்தப் பாத்திரத்தை அடிமை வியாபாரத்தை நிறுத்தப் பாடுபட்ட ஆப்பிரிக்க இளவரசனாக மாற்ற வைத்தார். எந்த வேடமானாலும் மனுஷர் தலையைக் குனியவில்லை.

பணம் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீ கேட்பாய், கணக்குப்பிள்ளை புத்தி. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்பு சில தடவைகளைத் தாண்டினால் நடிகருக்குக் காசு வராது. 1974இல்தான் அவர்கள் சங்கம் போராடி அந்த வரம்பை எடுக்க வைத்தது, அதுவும் அதற்குப் பின் எடுத்த தொடர்களுக்குத்தான். ஆகவே உங்கள் பெரியப்பா வீட்டு ஹாலில் நாம் பார்த்ததற்கு இவர்களில் யாருக்கும் ஒரு பைசா போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஸ்பாக்கின் அப்பா சாரெக்காக வந்த மார்க் லெனார்ட் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் முதலில் வந்தது அப்பாவாக இல்லை. 1966 டிசம்பரில், எதிரிக் கப்பலின் தளபதியாக. கதையில் அந்தத் தளபதியின் முகத்தைத் திரையில் முதன்முதலாகப் பார்க்கிறார்கள், அவருக்கும் ஸ்பாக் மாதிரியே கூரான காது. அவ்வளவுதான், கப்பலில் ஒருத்தன் ஸ்பாக்கைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறான். அதே முகத்தை அடுத்த வருஷம் ஸ்பாக்கின் சொந்த அப்பாவாகவே கூட்டிவந்தார்கள். அப்பாவுக்குக் கதைப்படி வயது 102. நடித்தவருக்கு 43கூட நிறையவில்லை. மகனாக நடித்த நிமோயைவிட ஏழு வயதுகூட மூப்பு இல்லை. அவரும் மனைவியாக வரும் ஜேன் வயட்டும் இரண்டு விரலை நீட்டித் தொட்டுக்கொள்வார்கள். கட்டிப்பிடிப்பு, கண்ணீர், எதுவும் கிடையாது. ஒரு ஆயுள் தாம்பத்தியம் அந்த இரண்டு விரலில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அந்த ஒரு வாரத்து அப்பா அவரோடு 24 வருஷம் ஒட்டிக்கொண்டார். சினிமாக்களில் வந்தார். 1990இல் அடுத்த தலைமுறைத் தொடரில் வந்தபோது சாரெக் தள்ளாத கிழவர், மனசு கட்டுக்குள் நிற்காத நோய். உணர்ச்சியைக் காட்டவே கூடாத இனத்தில் பிறந்தவர், கச்சேரியில் வாத்தியம் கேட்டுக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு இறங்குகிறது. அழுகிறவர் முகம் இல்லை அது, அழுகையைப் பிடித்து வைக்கப் பார்க்கிறவர் முகம். என் அப்பா கடைசி வருஷத்தில் தவில் சத்தம் கேட்டால் இப்படித்தான் ஆவார், நீ பார்த்திருக்கிறாய். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

ஜான் கோலிகோஸ் என்று ஒருவர், கனடாக்காரர். இருபதுகளின் ஆரம்பத்திலேயே லண்டன் ஓல்ட் விக் மேடையில் லியர் அரசனாக நின்றவர். 1967இல் அவர் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தபோது, கதையில் வரும் கிளிங்கான்கள் என்ற எதிரி இனத்தார் எப்படி இருப்பார்கள் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, அவர்தான் முதல் கிளிங்கான் தலைவர். செங்கிஸ்கான் சாயலை அவரே யோசனை சொல்லி, மேக்கப்காரரோடு சேர்ந்து அந்த முகத்தை உண்டாக்கினாராம். அவருக்குப் பின்னால் அதே தொடரில் வில்லியம் கேம்பல், மைக்கேல் அன்சாரா என்று இன்னும் இரண்டு பேர் கிளிங்கான் தளபதிகளாக வந்தார்கள். அன்சாரா சிரியாவில் ஒரு கிராமத்தில் பிறந்து சின்னக் குழந்தையாக அமெரிக்கா போனவர், செவ்விந்தியராக நடித்தே பேர் வாங்கினார். மூன்று பேரும் வெவ்வேறு எபிசோட், ஒருத்தரோடு ஒருத்தர் ஒரு காட்சியில்கூட இல்லை. 1994இல், கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, பிந்தைய தொடர் ஒன்றில் மூன்று பேரையும் அதே பெயர்களில் கிழவர்களாக ஒரே எபிசோடில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பழைய சத்தியம் ஒன்றை நிறைவேற்றக் கிளம்புகிற மூன்று பழைய சிநேகிதர்கள்.

அதை மகள் எடுத்து வைத்திருக்கிறாள். நான் இன்னும் போடவில்லை. இடது கண் ஆபரேஷன் அடுத்த மாதம் இரண்டாம் வாரம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. காலை பஸ் பிடித்தால் பத்து மணிக்கு வந்துவிடலாம், சாப்பாடு இங்கேதான். உன் சர்க்கரை அளவு எவ்வளவு என்று எழுது, அதற்குத் தகுந்த மாதிரி பாயசம் உண்டா இல்லையா என்று இவள் முடிவு பண்ணுவாள்.

அன்புடன்,
முரளி