துக்கம் கேட்க வருகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

போனில் எனக்குச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கரு கலைந்ததை நினைத்துப் போன வாரம் நீ அழுதபோது, "சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்" என்றேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டு "சரிம்மா" என்றாய். அந்தச் "சரிம்மா" என்னைத் தூங்கவிடவில்லை. தேற்றுகிறேன் என்று உன் வாயை அடைத்துவிட்டேன்.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தில் ஆக்கிக் கொண்டுவருவார்கள். வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடமாட்டோம். கிளம்புகிறவர்கள் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லமாட்டார்கள். பதினாறாம் நாள்வரை அழுவதற்கு ஓர் இடம் உண்டு. பதினொரு வாரத்தில் போன பிள்ளைக்கு இதில் எதுவுமே இல்லை. பெயர் இல்லை, படையல் இல்லை, துக்கம் கேட்க ஆளும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்தாய், ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாய்.

உன் தாத்தாவை நினைத்துப் பார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். பேராவூரணித் தோப்பில் 110 தென்னையில் ஒன்பதுதான் நின்றன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் அரசாங்கம் கொடுத்தது. "புதுக் கன்னு வைங்க, அஞ்சாறு வருஷத்துல காய்ச்சிரும்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பொய்யில்லை, தாத்தாவுக்குத் தெரியாததும் இல்லை. ஆனாலும் தினம் காலையில் தோப்புக்குப் போய், விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, இது உன் அத்தை பிறந்தபோது வைத்தது, இது கிணறு வெட்டிய வருஷம் வைத்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அறுக்க வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார். மரத்துக்குப் போய் இப்படியா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஒரு நாள் அவருடைய பழைய சிநேகிதர் வந்தார். அவர் தோப்பும் போயிருந்தது. சாவு வீட்டில் செய்வதுபோல இரண்டு கையையும் நீட்டினார். தாத்தா அந்தக் கைகளைத் தொட்டார். இரண்டு பேரும் திண்ணையில் வெகுநேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலம்தான் தாத்தா மரம் அறுக்க ஆள் வரச்சொன்னார்.

பாட்டி என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கத் தொடங்கியதிலிருந்து நானும் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறேன். உயிரோடு இருப்பவருக்காக அழக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறேன். சரி, அதை நேரில் பேசலாம்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்து பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டார். புளி அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அவருக்கும் பிள்ளைதானே? அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலையைப் பற்றி ஒன்று. மகப்பேறு விடுப்புச் சட்டப்படி, கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். நீ அங்கே மூன்று வருஷமாக இருக்கிறாய். டாக்டரிடம் சான்று வாங்கிக் கொடுத்துக் கேள். அது உனக்குச் சேர வேண்டிய நாட்கள், கூச்சப்படாதே.

வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் மைசூர் வண்டி ஏறுகிறேன். பாட்டியை உன் அத்தை பார்த்துக்கொள்வாள். புளிச்சோறு கட்டி எடுத்து வருவேன், நீங்கள் இரண்டு பேரும் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம். வாசலில் என்னை "வாம்மா" என்று கூப்பிடாதே. நான் துக்க வீட்டுக்குத்தான் வருகிறேன்.

அப்புறம், அந்த ஸ்கேன் படத்தை வைத்திருக்கிறாய் அல்லவா? எனக்குக் காட்டு. என் பேரப்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அம்மா