மூசையின் பெயரையும் எழுதுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களில் திண்மநிலை வேதியியல் ஆய்வுகளை நெறிப்படுத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இதை எழுதுகிறேன். உருகிய உப்பில் படிகம் வளர்க்கும் மாணவரின் ஆய்வேடு உங்கள் மேசைக்கு வரும்போது, செய்முறைப் பகுதியை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். மூசை (பொருள்களை உலையில் வைத்துச் சூடாக்கும் கிண்ணம்) எந்தப் பொருளால் ஆனது, அதற்கு மூடி போட்டிருந்தார்களா, உலை எவ்வளவு மெதுவாகக் குளிர்ந்தது, உப்பை எத்தனை முறை கழுவினார்கள் என்பவை அதில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த முறை பார்ப்பதற்கு எளிமையானது. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும். அதோடு பொட்டாசியம் குளோரைடைச் சம மோல் அளவில் கலந்தால் ஏறத்தாழ 660 டிகிரியிலேயே உருகிவிடும். உலர்ந்த ஆக்சைடுத் தூள்களை வெறுமனே சூடாக்கினால், துகளும் துகளும் தொடும் இடத்தில் மட்டுமே அயனிகள் மெல்ல ஊர்ந்து கடக்க வேண்டும். உப்புக்குழம்பில் அவை நீந்துகின்றன. பக்கத்துத் துகளின் நெருக்கடி இல்லாததால் படிகமும் தனக்கு இயல்பான முகங்களைக் காட்டி வளர்கிறது. ஆறிய பிறகு வெந்நீரில் உப்பைக் கரைத்தால், கனசதுரமோ ஊசியோ தட்டோ, வடிவம் குலையாத தூள் கையில் கிடைக்கும்.

அந்த வடிவம் வெறும் அழகுக்காக அன்று. 2004-இல் யசுயோஷி சைட்டோவும் டொயோட்டா மத்திய ஆய்வகம், டென்சோ நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஈயம் இல்லாத அழுத்தமின் பீங்கான் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீங்கான்) ஒன்றைப் பற்றி வெளியிட்டார்கள். அதற்கு உயிர்நாடி சோடியம் நையோபேட்டுத் தட்டுகள். சோடியம் நையோபேட்டை நேரடியாக வளர்த்தால் கனசதுரமாகத்தான் வரும். எனவே அவர்கள் சுற்றுவழியில் போனார்கள். அடுக்கு அமைப்புள்ள பிஸ்மத் சேர்மம் ஒன்றை முதலில் உருகிய உப்பில் தட்டுத் தட்டாக வளர்த்தார்கள். பிறகு உப்புக்குள்ளேயே பிஸ்மத்தை வெளியேற்றிச் சோடியத்தைக் குடியேற்றினார்கள். உள்ளே பொருள் மாறிவிட்டது, தட்டு வடிவம் மாறவில்லை! அந்தத் தட்டுகளைப் பீங்கான் கூழில் கலந்து மெல்லிய நாடாவாக இழுத்தபோது அவை எல்லாம் ஒரே தளத்தில் படுத்துக்கொண்டன. சுட்டபோது சுற்றியிருந்த நுண்படிக மணிகளும் அதே திசையில் வளர்ந்தன. திசை ஒழுங்கில்லாத பீங்கானில் ஒரு நியூட்டன் விசைக்குச் சுமார் 300 பிக்கோகூலும் மின்னூட்டம் என்று இருந்த அழுத்தமின் மதிப்பு, 416 ஆக உயர்ந்தது.

இந்தத் தட்டுகளைத்தான் நான் ஐந்து மாதம் துரத்தினேன். கையில் ஒரு கட்டுரை இருந்தது. "உப்புடன் கலந்து 1100 டிகிரியில் சூடாக்கி, கழுவி, உலர்த்தப்பட்டது" என்ற ஒரே வரிதான் அதன் செய்முறை. எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒழுங்கற்ற கட்டிகள். எடை பார்ப்பதில் பிழையோ, தூள் தூய்மையானதில்லையோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் உலையிலிருந்து எடுத்த மூசையை எடைபோட்டபோதுதான் புரிந்தது: உப்பில் பெரும்பகுதி ஆவியாகிப் போயிருந்தது. நீந்துவதற்குக் குழம்பே இல்லாதபோது தட்டு எப்படி வளரும்? மூடி போட்டேன், தட்டுகள் வந்தன. "மூடிய மூசையில்" என்ற இரண்டு சொற்கள் அந்தக் கட்டுரையில் இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும். எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தினமும் மூடி போடுகிறவருக்கு அது எழுத வேண்டிய செய்தியாகத் தோன்றியிருக்காது.

மூசை விஷயம் இதைவிடப் பெரியது. ஜப்பானில் கசுனாரி டொமென் குழுவினர் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை உருகிய ஸ்ட்ரான்சியம் குளோரைடில், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மூசையில் வைத்துச் சூடாக்கினார்கள். நீரை ஒளியால் பிளக்கும் அதன் திறன் வியக்கத்தக்க அளவில் கூடியது. 2016-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, 360 நானோமீட்டர் ஒளியில் குவாண்டம் திறன் (விழும் ஒளித்துகள்களில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 30 சதவீதம். காரணங்களில் ஒன்று, மூசையின் சுவரிலிருந்து கரைந்து படிகத்துக்குள் போயிருந்த அலுமினியம்! மின்னூட்டங்களை வீணடிக்கும் குறைபாடுகளை அது அடக்கியிருந்தது. பிறகு 2020-இல், அலுமினியம் சேர்த்த அதே படிகத்தின் ஒருவகை முகத்தில் ரோடியத்தையும் குரோமியம் ஆக்சைடையும், வேறுவகை முகத்தில் கோபால்ட் சேர்மத்தையும் படியவைத்து, 350 முதல் 360 நானோமீட்டர் வரையிலான புறஊதா ஒளியில் 96 சதவீதத்தை எட்டினார்கள். எலக்ட்ரான்கள் ஒரு முகத்துக்கும் துளைகள் (எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடங்கள்) மற்றொரு முகத்துக்கும் பிரிந்துபோக முடிந்தது, படிகத்துக்கு அப்படித் தெளிவான முகங்கள் இருந்ததால்தான். முதல் கட்டுரையில் "மூசையில் வைத்துச் சூடாக்கினோம்" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், பிளாட்டினம் மூசையில் அதைச் செய்து பார்ப்பவருக்கு அந்தப் பலன் கிடைத்திருக்காது. ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்காது.

குளிரும் வேகமும் அப்படித்தான். கற்கண்டு காய்ச்சுபவர்கள் பாகை அவசரமாக ஆறவிடுவதில்லை. உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவதும், மணிக்கு இத்தனை டிகிரி என்று படிப்படியாக இறக்குவதும் ஒன்றாகாது. ஆனால் நான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் "அறை வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கழுவியதைப் பற்றியும் அவ்வளவே. கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடு மிச்சத்தைக் காட்டும் வெண்கலங்கல் வராமல் போகும்வரை கழுவினார்களா? சோடியம் நையோபேட்டுத் தட்டுகளின் இடையே தங்கிய பிஸ்மத் ஆக்சைடை நைட்ரிக் அமிலத்தால் நீக்கினார்களா? பின்னால் அளக்கும் மின்பண்புகள் எல்லாம் இதைப் பொறுத்தவை.

ஆய்விதழ்களில் இடம் குறைவு என்பதை அறிவேன். ஆய்வேட்டுக்கு அந்தத் தடை இல்லை. அது இந்திய ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா இணையதளத்தில் யாரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. மின்னணு நுண்ணோக்கி வசதி இல்லாத சிறு கல்லூரியிலும் ஒரு மஃபிள் உலையும் தராசும் இருக்கும். அங்கே தொடங்கும் மாணவர் நம்பிப் பின்பற்றப்போவது உங்கள் மாணவர் எழுதியதைத்தான். தோற்றுப்போன சோதனைகளுக்கும் ஒரு பிற்சேர்க்கை ஒதுக்கச் சொல்லுங்கள். எந்த விகிதத்தில் தட்டு வரவில்லை என்பதும் அவருக்குத் தேவைப்படும்.

என் ஆய்வேட்டிலும் விட்டுப்போனதை இங்கே சேர்க்கிறேன்: அலுமினா மூசை, மேலே அலுமினா மூடி, உப்பும் ஆக்சைடுக் கலவையும் எடையில் சமம், ஒவ்வொரு முறையும் உலைக்கு முன்னும் பின்னும் மூசையின் எடை.

அன்புடன்,
ஒரு முன்னாள் ஆய்வு மாணவர்