கதவுக்கு ஒரு நம்பர்: தேயிலைத் தோட்டங்களை நடத்தும் பெரியதுரைமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியதுரை ஐயாமார்களுக்கு,

வணக்கம். சம்பளத்தைப் பற்றிக் கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன, கொழுந்து நிறுவையைப் பற்றிக் கேட்க அம்மாமார் இருக்கிறார்கள். நான் கூகுள் கம்பனி அனுப்பிய ஒரு கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளையாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரத்தைக் கிழித்துத் திறக்கிற கடிதம். உள்ளே ஆறு இலக்கங்கள். அவை நேரத்துக்குக் கைக்கு வராததால் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய காசு நின்றுபோனது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். அம்மா கொழுந்தெடுக்கிறார். நான் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறேன். அம்மா விறகடுப்பில் ரொட்டி சுடுவது, விடியற்காலையில் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு மலைக்குப் போவது, மழை நாளில் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் இஸ்தோப்பில் எல்லோரும் சாயத்தண்ணி குடிப்பது, இவைதான் என் வீடியோக்கள். எங்கள் காம்பராவில், அதாவது லயத்தில் எங்களுக்குள்ள வீட்டில், சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்துதான் அப்லோட் செய்ய வேண்டும். ஒரு வீடியோ ஏறி முடிவதற்குள் காலில் இரண்டு அட்டையாவது ஏறியிருக்கும்.

வீடியோ போட்டால் காசு எப்படி வரும் என்று உங்கள் சின்னதுரை ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்களுக்கு ஏலம் புதிதில்லை. 1883இலிருந்து கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது, நம் தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் அரைத்த தூளுக்கு விலை விழுவது அங்கேதான். விளம்பரமும் அப்படித்தான். ஒருவர் வீடியோவைத் தட்டிய அந்தக் கண நேரத்திலேயே, அவருக்குத் தங்கள் விளம்பரத்தைக் காட்டக் கம்பனிகள் ஏலம் கேட்டுவிடுகின்றன. ஏலத்தில் வென்றது ஓடும். அதில் வரும் காசில் நூற்றுக்கு 55 வீடியோ போட்டவருக்கு, மிச்சம் 45 யூடியூபுக்கு. ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோவுக்குக் கணக்கு வேறு, அதில் நமக்குச் சேரும் பங்கில் 45 வீதம்தான் கைக்கு வரும். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அம்மா ரொட்டி சுடுகிற வீடியோ ஒன்பது நிமிடம் இழுப்பதன் ரகசியம் இதுதான், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவர் பார்த்தால் வருகிற காசு, கண்டியிலிருந்து பார்த்தால் வராது. அந்த நாட்டு வாடிக்கையாளரைப் பிடிக்கக் கம்பனிகள் கூடுதலாகச் செலவழிக்கின்றன, அவ்வளவுதான். நுவரெலியாத் தேயிலைக்கும் கீழ்நாட்டுத் தேயிலைக்கும் ஏலத்தில் ஒரே விலையா விழுகிறது?

ஆனால் சேனல் தொடங்கியதும் இந்த ஏலத்துக்குள் போய்விட முடியாது. 2018இலிருந்து ஒரு விதி இருக்கிறது: 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும், கடைசி 12 மாதத்தில் மக்கள் நம் வீடியோக்களைப் பார்த்த நேரம் 4,000 மணித்தியாலமாவது இருக்க வேண்டும். ஒரே ஆள் இரவு பகலாகப் பார்த்தால் 166 நாளுக்கு மேல் பிடிக்கும். 2023இலிருந்து அந்த மணித்தியாலத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை இருந்தாலும் போதும். எனக்கு அந்த 4,000 மணித்தியாலத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது.

அப்புறம்தான் கடிதம் வருகிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நாம் கொடுத்த முகவரியில் நாம்தான் இருக்கிறோமா என்று பார்க்க, கூகுளின் ஆட்சென்ஸ் பிரிவு ஒரு பின் நம்பரைச் சாதாரணத் தபாலில் அனுப்புகிறது. ரெஜிஸ்டர் தபால் இல்லை, எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. வந்துசேர இரண்டு முதல் நான்கு வாரம் என்பார்கள். நான்கு மாதத்துக்குள் அந்த நம்பரைப் போடாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். போட்ட பிறகும் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குக் காசு வரும். டாலர் 300 ரூபாய் என்று வைத்தால் 30,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது அம்மாவுக்கு 22 நாள் பேராக, அதாவது 22 நாள் வேலைக்கூலியாக இருந்தது.

என் கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்திருக்கிறது. அதில் என் பெயரும் மேல் டிவிசன், 7ம் நம்பர் லயம் என்பதும் இருந்தன. ஆபீஸில் செக்ரோலை, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தவர்களின் பட்டியலை, பார்த்திருக்கிறார்கள். என் பெயர் செக்ரோலில் இல்லை, நான் தோட்டத்தில் பெயர் பதிந்தவன் இல்லையே. ஆனால் அதே பெயரில் கீழ் டிவிசனில் ஒரு பெரியவர் இருக்கிறார், கவ்வாத்து வெட்டுகிறவர். கடிதம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. நான் ஆபீஸ் ஜன்னலில் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்று முறையும் "ஒன்னும் வரல தம்பி". மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்ட கடிதம் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது.

நான்கு மாதம் முடிந்தது, விளம்பரம் நின்றது. அதற்கு அடுத்த வாரம்தான் என் வீடியோக்களிலேயே அதிகம் ஓடிய வீடியோ ஓடியது. எனக்கு ஒரு சதம் இல்லாமல்.

கடைசியில் டவுனில் சில்லறைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் முகவரியை, அவர் மூலமாக என்று மே/பா போட்டுக் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து டவுன் வரை பத்தொன்பது நாள். டவுனிலிருந்து என் காம்பரா வரைக்கும்தான் வழி இல்லை.

முதல் கடிதத்தைக் கோவில் திருவிழாவில் கண்டுபிடித்தேன். அந்தப் பெரியவரே என்னைத் தேடி வந்தார். "கவர்மென்ட் கடுதாசி மாதிரி இருந்துச்சு தம்பி. தொலைச்சுட்டா ஏதும் கேசு வந்துருமோன்னு அரிசி டின் மேல பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார். உண்மையிலேயே பத்திரமாகத்தான் வைத்திருந்தார், பிரிக்கக்கூட இல்லை. ஆபீஸ் கிளாக்கர் ஐயா மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருப்பது செக்ரோல், அதில் இருப்பவர்தான் அவருக்கு ஆள். இன்றைக்கு எங்கள் லயத்தில் பாதிப் பேர் செக்ரோலில் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், கார்மென்ட்டுக்குப் போகிறார்கள், த்ரீவீலர் ஓட்டுகிறார்கள், கம்பஸுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்கே தெரியும். என் கதையில் காசு போனது, அவர்கள் கதையில் வேலையே போனது.

முகவரி இல்லாதது எல்லோருக்கும் தடையாகவும் இல்லை. தேர்தல் என்றால் வாக்காளர் அட்டை வந்துவிடுகிறது. லீசிங் தவணை ஒரு மாதம் பிந்தினால் ஆள் நேராக அடுப்படிக்கே வந்து நிற்கிறார்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு காம்பராக் கதவிலும் ஒரு நம்பர் எழுதுங்கள். ஒரு டின் பெயின்டும் ஒரு பிரஷும் போதும், எங்கள் டிவிசனுக்கு நானே எழுதித் தருகிறேன். அந்த நம்பருக்கு நேராக அங்கே குடியிருக்கிற எல்லோருடைய பெயரும், பெயர் பதியாதவர்களுடையதும், ஆபீஸில் ஒரு கொப்பியில் இருக்கட்டும். வந்த கடிதம் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டிலாவது, டிவிசனுக்கு வரட்டும். ஆள் தெரியாத கடிதங்களை ஆபீஸ் ஜன்னலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், நாங்களே வந்து பார்த்துக்கொள்கிறோம்.

 

இப்படிக்கு,
மேல் டிவிசன், 7ம் நம்பர் லயம், தண்ணீர்த் தாங்கிப் பக்கத்திலிருந்து நாலாவது கதவு.

பி.கு: பதில் எழுதுவதாக இருந்தால், இப்போதைக்கு டவுன் கடை முகவரிக்கே அனுப்புங்கள்.