முட்டி வலிக்கு ஓய்வு மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, ‘முட்டி வலிக்கிறது, ஓட்டத்தை விட்டுவிட்டேன்’ என்று, அந்த ஒரு வரிதான் இத்தனை நாளும் என்னை உறுத்துகிறது. கல்லூரி மைதானத்தில் இருட்டோடு எழுந்து என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியவன் நீ.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கும் இதேதான். உன்னைப் போலவே நானும் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆறு மாதம் சும்மா இருந்ததில் வலி போயிற்று. திரும்ப ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரமே வந்துவிட்டது. ஓய்வில் வலி மட்டுமா குறைந்தது, தொடைத் தசையும் அல்லவா இளைத்துப் போயிருந்தது!

பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா முட்டியைத் தொடுவதற்கு முன்பே, “வலி வருவதற்கு முன்னால் எதைக் கூட்டினீர்கள்?” என்று கேட்டார். யோசித்தால், மூன்றே வாரத்தில் 2 கிலோமீட்டரை 6 ஆக்கியிருந்தேன். அடுத்து ஒற்றைக் காலில் நின்று லேசாக உட்காரச் சொன்னார். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வலு போதவில்லை, அதனால் தொடை உள்ளே திரும்புகிறது, அந்தச் சுமையை முட்டி வாங்குகிறது என்றார். வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இன்னொன்று. எனக்கு அது பெரிய தெளிவாக இருந்தது.

தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது முட்டிச்சில்லு அதில்தான் வழுக்கிப் போய் வருகிறது. படி இறங்கும்போதும் குத்துக்காலிடும்போதும் சில்லு அங்கே அழுந்துகிறது. பழகாத சுமை திடீரென்று ஏறினால், எதுவும் கிழியாமல் தேயாமலே வலிக்கும். நீ எழுதியிருப்பதும் அதுதானே, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லுக்குப் பின்னால் வலி என்று. முட்டியின் வெளிப்பக்கம் வலித்தாலோ, சில்லுக்குக் கீழே தசைநாரில் வலித்தாலோ கதை வேறு.

‘ஓடினால் தேய்ந்துவிடும்’ என்று உன்னிடம் யாரோ சொன்னதை நம்பாதே. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அது அழுந்தி, பிறகு அழுத்தம் விலகும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அசையாத மூட்டுக்கு அது சரியாகக் கிடைப்பதில்லை. வலியில்லாமல் வெறுமனே ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆகவே நிறுத்தாதே, குறை. வலியே இல்லாததை 0 என்றும் தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொள்; 3 வரை வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு சரி. அதற்கு மேல் போனால் தூரத்தைக் குறைத்துக்கொள். அடியைச் சிறிதாக்கி, வேகமாக எடுத்து வை. முட்டிக்குப் பாரம் குறையும். வாரத்தில் மூன்று நாள் தசைக்கு வேலை கொடு: மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி தூக்குவது, முட்டியை மடக்கி இடுப்பை உயர்த்துவது, பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது. கொஞ்சம் வலு வந்ததும் ஒரு சின்னப் படியிலிருந்து மெதுவாக இறங்கிப் பழகு. எனக்கு ஆறு வாரத்தில் படி இறங்குவது எளிதாயிற்று. பழைய தூரத்தை எட்ட மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவசரப்படாதே.

துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வலியை மறைத்து ஓடியதில் இன்னும் ஒரு மாதம் இழந்தவன் சொல்கிறேன்.

முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டதுபோல் நீட்ட முடியாமல் போனாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, திருகிக்கொண்ட பிறகு வலி வந்திருந்தாலோ இதெல்லாம் பொருந்தாது, நேரே டாக்டரிடம் போ. சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போ.

இன்றைக்கே கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் உட்கார்ந்து பார். முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கு எழுது. வலி வருவதற்கு முன் எதைக் கூட்டினாய் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஓட்டத் துணை